முதல் யோகா வகுப்பு: முழங்காலை மடக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

யோகா வகுப்பில் சேர்ந்த புதிதில் பலரை மனம் தளர வைப்பது ஒரே ஓர் அசைவுதான்: நின்றபடி முன்னால் குனிந்து தரையைத் தொடுவது. பக்கத்தில் இருப்பவரின் உள்ளங்கை முழுதாகத் தரையில் பதிந்திருக்கும். நம் விரல் நுனியோ முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் நின்றுவிடும். "என் உடம்பு இதற்கு லாயக்கில்லை" என்று அங்கேயே முடிவுகட்டி, அடுத்த வாரத்தோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. என்னையும் வெகுநாள் நிறுத்திவைத்த இடம் அதுதான். அது பிடிபட்ட பிறகு மற்ற ஆசனங்களில் பாதி தாமாகவே வழிக்கு வந்தன. ஆகவே, மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லி, அந்த ஒரு படியில் நிதானமாக நிற்கப் போகிறேன்.

1. எந்த வகுப்பு?

வகுப்பின் பெயரைப் பார்த்துச் சேருங்கள். எல்லா யோகாவும் ஒன்றல்ல. ஹட யோகா என்று போட்டிருந்தால், பெரும்பாலும் ஒவ்வோர் ஆசனத்திலும் சில மூச்சுகள் நிற்க வைத்து மெதுவாக நகர்வார்கள். வின்யாசாவில் மூச்சோடு சேர்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடைவிடாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். அஷ்டாங்க வின்யாசாவில் ஆசனங்களின் வரிசை மாறாது. வேகமும் உழைப்பும் அதிகம். ஐயங்கார் முறையில் கால் எங்கே, விரல் எங்கே என்று நுணுக்கமாகத் திருத்துவார்கள். யின் யோகாவில் ஒரே நிலையில் 3 முதல் 5 நிமிடம் வரை இருக்க வேண்டியிருக்கும்.

அஷ்டாங்க வின்யாசாவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் (1915–2009), ஐயங்கார் முறையை உருவாக்கிய பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) இருவருமே மைசூரில் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவர்கள். ஒரே ஆசிரியரின் மாணவர்கள் உருவாக்கிய முறைகளே இவ்வளவு வேறுபடும்போது, ஒரு வகுப்பு ஒத்துவரவில்லை என்பதற்காக யோகாவே ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட முடியாது. என் பரிந்துரை: மெதுவான ஹட வகுப்பு அல்லது ஐயங்கார் வகுப்பு. வின்யாசாவில் திருத்தம் கேட்க நேரமே கிடைக்காது. அடிப்படை தெரியாமல் அதற்குள் போனால், தவறான அசைவையே நூறு முறை செய்து பழக்கமாக்கிக்கொள்வோம்.

2. விரிப்பும் உடையும்

விரிப்பின் தடிமன் 4 முதல் 6 மில்லிமீட்டர் போதும். 10 மில்லிமீட்டருக்கு மேல் மெத்தென்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளுக்கு அது சுகம்தான். ஆனால் விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது பாதம் அதற்குள் அமிழ்ந்து ஆடும். முழங்கால் வலிக்கும் என்று பயந்தால், மெல்லிய விரிப்பே வாங்கி, தேவைப்படும் இடத்தில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கை வியர்ப்பவர்களுக்கு இயற்கை ரப்பர் விரிப்பைத்தான் சொல்வேன். புதிதில் வாடை அடிக்கும், கனமாகவும் இருக்கும், ஆனால் வழுக்காது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும்.

சட்டை உடம்போடு ஒட்டி நிற்கட்டும். தொளதொளவென்று இருந்தால், தலைகீழாகக் குனிந்ததும் முகத்தில் விழும். அதை இழுத்துவிடுவதிலேயே கவனம் போய்விடும். காலுறை வேண்டாம். நிறையச் சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

3. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் (குளுக்கோமா), முதுகுத்தட்டுப் பிரச்சினை, குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம். இவற்றில் எது இருந்தாலும் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கண் அழுத்த நோயைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தலை கீழே போகும் எல்லா நிலைகளிலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்; சிரசாசனத்தில் மட்டும் என்று நினைக்கக் கூடாது. கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் செய்யக் கூடாது.

முதல் வகுப்பிலேயே எல்லோரையும் சிரசாசனத்துக்கோ, தோளை ஊன்றிக் காலை மேலே உயர்த்தும் சர்வாங்காசனத்துக்கோ அழைக்கிற ஆசிரியரிடம் நான் மீண்டும் போக மாட்டேன். கழுத்தின் மீது எடை இறங்கும் ஆசனங்கள் அவை. தோளும் முதுகும் தயாரான பிறகு கற்க வேண்டியவை.

4. எங்கே விரிப்பது?

கூச்சத்தில் கடைசி வரிசையைத் தேடிப் போகாதீர்கள். பாதி வகுப்பில் "பின்பக்கம் திரும்புங்கள்" என்பார் ஆசிரியர். அந்த நொடியே கடைசி வரிசை முதல் வரிசையாகிவிடும். பார்த்துச் செய்ய எதிரே ஆள் இருக்காது. நடு வரிசைதான் நல்லது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒருவர் இருப்பார்.

5. மூச்சு

மூக்கு வழியாகவே இழுத்து, மூக்கு வழியாகவே விடுங்கள். குழப்பம் வந்தால் நினைவில் வைத்துக்கொள்ள ஒரே விதி: மார்பு விரியும் அசைவில் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், உடம்பு மடங்கும் அசைவில் வெளியே விட வேண்டும். கை மேலே போனால் உள்ளே, குனிந்தால் வெளியே. தாளம் தப்பிவிட்டால் அடுத்த அசைவில் சேர்ந்துகொள்ளலாம். பிடிக்க ஓட வேண்டாம். மூச்சு திணறுகிறது, அல்லது உங்களை அறியாமலே அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், உடம்பு தாங்குவதற்கு மேல் போய்விட்டீர்கள். ஒரு படி பின்வாங்குங்கள். ஆசிரியரின் பார்வைக்கு எட்டாததைக்கூட இந்த அளவுகோல் காட்டிக்கொடுக்கும்.

6. முன்னால் குனிதல்: இங்கேதான் நிற்க வேண்டும்

உத்தானாசனம் என்றும் பாதஹஸ்தாசனம் என்றும் சொல்வார்கள். ஏன் எட்டவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்வோம்.

தொடையின் பின்புறத் தசைகள், உட்காரும்போது தரையில் பதிகிற எலும்பு முனைகளில் தொடங்கி, முழங்காலைக் கடந்து அதற்குக் கீழே போய் ஒட்டுகின்றன. காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு குனியும்போது அந்தத் தசைகள் இறுகி, இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கின்றன. இடுப்பெலும்பு முன்னால் சாய முடியவில்லை. ஆனால் நாம் விடுவதில்லை. எப்படியாவது தரையைத் தொட வேண்டும் என்று முதுகை வளைக்கிறோம். அதாவது தொடைச்சந்தில் நடக்க வேண்டிய மடிப்பு கீழ்முதுகில் நடக்கிறது. பாரம் முழுவதும் அங்குள்ள தட்டுகளின் மேல் விழுகிறது. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு மிக எளியது: முழங்காலை மடக்குங்கள். முழங்கால் மடங்கியதும் தசையின் இரு முனைகளும் நெருங்கி, இழுப்பு தளர்கிறது. இடுப்பெலும்பு விடுபட்டு முன்னால் சாய்கிறது.

செய்முறை இதோ. பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். இரு கைகளின் விளிம்பையும் தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் பதியுங்கள். இப்போது முழங்காலைத் தாராளமாக மடக்கி, அந்த மடிப்பைக் கையால் பின்னுக்குத் தள்ளியபடி குனியுங்கள். கைவிளிம்பை வயிறும் தொடையும் இறுகக் கவ்வினால் மடிப்பு சரியான இடத்தில் விழுகிறது. கவ்வாமல் முதுகு மட்டும் உருண்டால், இன்னும் மடக்குங்கள். வயிறு தொடையின் மேல் படுத்ததும் கைகளை எடுத்துத் தரையிலோ, யோகாவுக்கென்று விற்கும் செங்கல் வடிவக் கட்டைகளின் மேலோ வையுங்கள். தலையைத் தொங்க விடுங்கள். கழுத்தில் பிடிப்பு வேண்டாம்.

இனி, மூச்சை விடும்போதெல்லாம் இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்குங்கள். கால் அதன் போக்கில் நீளும். வயிறு தொடையை விட்டு விலகத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்றைக்கு உங்கள் உத்தானாசனம் அவ்வளவுதான். கால் முழுதாக நீளாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எங்கே இழுக்கிறது என்று கவனியுங்கள். தொடையின் நடுச்சதையில் இதமாக இழுத்தால் சரி. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியிலோ, உட்காரும் எலும்புக்கு ஒட்டிய இடத்திலோ சுருக்கென்று இழுத்தால் இன்னும் மடக்க வேண்டும். கெண்டைக்கால் வரை மின்சாரம் ஓடியது போலவோ மரத்துப்போவது போலவோ இருந்தால் அது நரம்பு. அந்த நிலையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எழும்போது அவசரம் கூடாது. முழங்கால் மடங்கியபடியே, கைகளை இடுப்பில் வைத்து மெதுவாக நிமிருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கித் தலை சுற்றும்.

கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்துக்கும் இதே சூத்திரம் பொருந்தும். குதிகால் தரையைத் தொட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, முழங்காலை மடக்கி இடுப்பைப் பின்னாலும் மேலேயும் அனுப்புங்கள். முதுகு நீண்டுவிடும். உட்கார்ந்து செய்யும் ஆசனங்களில் இருக்கையை உயர்த்த வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, கையை ஊன்றாமல் முதுகை நிமிர்த்திப் பாருங்கள். பின்னால் சாய்ந்துவிடுகிறீர்களா? மடித்த போர்வையின் விளிம்பில் உட்காருங்கள். சம்மணமிடும்போது முழங்கால்கள் இடுப்பை விட உயரத்தில் நின்றாலும் இதே மருந்துதான்.

கட்டையும் போர்வையும் துணிப்பட்டையும் வயதானவர்களுக்கு என்று கூச்சப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தத் துணைக்கருவிகளைப் பயிற்சியின் அங்கமாக்கியவர் ஐயங்கார். சிறு வயதில் காசநோய் உள்ளிட்ட நோய்களால் நலிந்திருந்தவர் அவர். ஒரு கட்டையை மூன்று உயரங்களில் நிறுத்தலாம். மிக உயரமான நிலையில் தொடங்குங்கள். விரிப்புக்கு அதிகம் செலவழிப்பதை விட இரண்டு கட்டைகள் வாங்குவது மேல்.

7. சூரிய நமஸ்காரம்

ஒரு வகுப்பில் கற்றது இன்னொரு வகுப்பில் வேறாக இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். 12 நிலைகள் கொண்டதில் ஒரு காலைப் பின்னால் வைத்து, பிறகு மறு காலைச் சேர்ப்பார்கள். அஷ்டாங்க வகையில் இரண்டு கால்களும் சேர்ந்தே பின்னால் போகும். இரண்டும் சரிதான். உடலைக் கீழே இறக்கும் இடத்தில் மட்டும் கவனம் தேவை: கையில் வலு வரும்வரை முழங்கால்களை முதலில் தரையில் ஊன்றி, பிறகு மார்பை இறக்குங்கள். பொத்தென்று விழுந்தால் தோள் பாதிக்கப்படும்.

8. சவாசனம்

வகுப்பின் கடைசியில் மல்லாந்து அசையாமல் படுத்திருக்கும் நிலை இது. எழுந்து போய்விடாதீர்கள். உடம்பு விரைவில் குளிரும். மேலே போர்த்திக்கொள்ள ஏதாவது வைத்திருங்கள். கீழ்முதுகு தரையில் படியாமல் உறுத்தினால் முழங்காலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வையுங்கள். முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசை வலிக்கலாம். புதிய உழைப்புக்கு உடம்பு பழகும் வலி அது, தானாகக் குறையும். மூட்டுக்குள் வலித்தாலோ வீங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மணிக்கட்டு வலி பற்றிப் பலர் எழுதியிருந்தார்கள். அதோமுக ஸ்வானாசனத்தில் விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தரையில் அழுத்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த இடம் தரையை விட்டு எழும்பியிருக்கும். எடை முழுவதும் மணிக்கட்டின் வெளிப்பக்கம் குவிந்துவிடும். அப்படியும் வலித்தால் முழங்கைகளை ஊன்றிச் செய்யலாம்.

பத்மாசனம் வரவில்லை, முழங்காலை அழுத்தி இறக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அந்த ஆசனத்துக்கான சுழற்சி தொடைச்சந்தில் நடக்க வேண்டும். அங்கே திரும்பாததை முழங்காலில் திருப்பினால் சவ்வு கிழியக்கூடும். சாதாரணமாகச் சம்மணமிடும் சுகாசனத்திலேயே இருங்கள்.

ஆசிரியர் தொட்டுத் திருத்துவது பிடிக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதினார். தொடக்கத்திலேயே "வாயால் சொன்னால் போதும், தொட வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆசிரியர் அதை மதிப்பார். சிலர் தொடும் முன் தாமாகவே கேட்பார்கள். முதுகில் ஏறி அழுத்துகிறவர், வலிக்கிறது என்று சொன்ன பிறகும் கையை எடுக்காதவர் என்றால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு பாதி வகுப்பிலேயே வெளியேறிவிடுங்கள்.