பழைய கடைவீதிக்குப் புதுத் திட்டமா? கருத்துக் கேட்பில் கலந்துகொள்வது எப்படி

ஊர் நடுவில் இருக்கும் பழைய வீதிகளைச் சீரமைக்கப் போகிறார்கள், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பு. இதுவரை இப்படி எதிலும் கலந்துகொண்டதில்லை என்றால் எங்கே தொடங்குவது? மதுரை மாசி வீதிகளை வைத்துச் சொல்கிறேன். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்கு வெளியே வீதியாக விரிந்த ஊர் அது. அங்கே ஒரு விளக்குக் கம்பத்தை நகர்த்தினாலும் யாராவது ஒருவருடைய பிழைப்பில் போய் முட்டும்.

1. அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

எந்த அலுவலகம் வெளியிட்டது, யாருக்கு எழுத வேண்டும், கடைசித் தேதி என்ன. இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டத்தின் வரைவு என்றால், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ஒரு வீதியை மட்டும் சீரமைக்கும் வேலைக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

2. வரைபடத்தோடு நடங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான வேலை. வரைபடத்தின் நகலை வாங்கி, உங்கள் வீதியைக் கண்டுபிடித்து, பேனாவும் அளவு டேப்புமாக இறங்குங்கள். ஒரு முறை போனால் போதாது. கீழமாரட் வீதியின் வெங்காய மண்டிகளில் லாரி நின்று மூட்டை இறங்கும்போது ஒரு முறை போக வேண்டும், வீதி காலியாகக் கிடக்கும்போது ஒரு முறை போக வேண்டும். காலியான வீதியைப் படம் எடுத்துத் திட்டம் போட்டால் அதில் லாரி இருக்காது, மூட்டை சுமக்கிறவரும் இருக்க மாட்டார்.

ஆண்டுக்கு ஒரு நாள் நடப்பதையும் மறக்காதீர்கள். சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதிகளில் ஓடுவதில்லை, மாசி வீதிகளைத்தான் சுற்றி வருகிறது. மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறியும் தேரின் தடம் மாறவில்லை. ஆகவே வரைபடத்தில் நடைமேடையோ கம்பமோ பூந்தொட்டியோ புதிதாகத் தெரிந்தால், தேர் திரும்பும் மூலையில் எத்தனை அடி மிஞ்சுகிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. கூட்டத்துக்கு வர முடியாதவர்களைக் கேளுங்கள்

பூக்கார அம்மா, தள்ளுவண்டிக்காரர், சுமைதூக்கும் அண்ணன். கூட்டம் வேலை நேரத்தில் நடந்தால் இவர்களால் வர முடியாது, வந்தால் அன்றைய வருமானம் போய்விடும். எத்தனை மணிக்கு வருகிறார்கள், கழிப்பறைக்கு எங்கே போகிறார்கள், எந்த இடத்துக்கு மாறினால் வியாபாரம் நடக்கும் என்று உட்கார்ந்து கேளுங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது அது. இது அவர்களில் பலருக்கே தெரியாது, எடுத்துச் சொல்லுங்கள்.

கோயிலுக்குக் கிழக்கே உள்ள பழைய கல்மண்டபமான புதுமண்டபத்தில் இருந்த தையற்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற வேண்டியிருந்தது. மண்டபத்தைக் காப்பது சரிதான். ஆனால் கடை மாறினால் வாடிக்கையாளரும் கூடவே வந்துவிட மாட்டார்கள். புது இடத்தின் வாடகை, வழிகாட்டிப் பலகை, மாறும் தேதி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும்.

4. எழுதுங்கள்

"இந்தத் திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இடம், நேரம், விளைவு, மாற்று ஆகிய நான்கும் இருக்கட்டும். ஒரு மாதிரி:

"வரைபடத்தில் கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேரும் மூலையில் கம்பம் காட்டப்பட்டுள்ளது. தேர் திரும்புவது இந்த மூலையில்தான். நான் அளந்த அகலம் ___ அடி. கம்பத்தை ___ அடி தள்ளி நடவேண்டுகிறேன். அளவுக் குறிப்பும் புகைப்படமும் இணைத்துள்ளேன்."

மாற்று சொல்லத் தயங்காதீர்கள். இந்த ஊரும் அப்படியே உறைந்து நின்றதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோதுதான் ஊர் வெளியே விரிந்தது. அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. விளக்குத்தூண் பிளாக்பர்னின் நினைவாக நிற்பது.

5. கொடுத்ததற்குச் சான்று

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். அலுவலகத்தின் தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நேரில் போக முடியாதா, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. கூட்டத்தில்

எழுதியதில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள். மூன்றாம் படியில் பார்த்தவர்களில் ஒருவரால் வர முடிந்தால் அவரையே பேச விடுங்கள். அப்புறம், நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

7. பிறகு

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மொத்தம் எத்தனை ஆட்சேபணைகள் வந்தன, எவை ஏற்கப்பட்டன, உங்களுடையதை ஏற்காவிட்டால் கோப்பில் பதிவான காரணம் என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வேலை தொடங்கும் நாளில் பழைய வரைபடத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மூலைக்குப் போங்கள். கம்பத்துக்குக் குழி எங்கே தோண்டுகிறார்கள் என்று பாருங்கள்.