பழைய டூரிங் பைக்கா? முதலில் டயரின் வயதைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட் டூரிங் பைக் (நீண்ட தூரம் வேகமாகப் போவதற்கான பைக்) வாங்கப் பார்க்கப் போனால், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்கு முன்னால் குனிந்து இரண்டு டயரின் பக்கவாட்டையும் பாருங்கள், டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் தேடுங்கள்.

இந்த வகை பைக்குகள் பல, ஓடியதைவிட ஷெட்டில் நின்றதே அதிகம். டயரின் பட்டன் (தரையில் படும் மேடுகள்) புதுசு மாதிரி ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் வருடக்கணக்கில் இறுகிப்போய், பட்டனுக்கு நடுவில் மெல்லிய வெடிப்பு விட்டிருக்கும், நனைந்த சாலையில் வளைவில் சாய்க்கும்போது அது தரையைப் பிடிக்காது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் ஜோடி டயரின் விலையை, மாட்டும் கூலியோடு, சொன்ன விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். தேதி கண்ணெதிரே இருப்பதால் விற்பவர் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

டயர் சமீபத்தில் மாற்றியதாக இருந்தால் இந்த எண்ணை வைத்துப் பேரம் பேச முடியாது. அப்போது செயின், பிரேக் ஆயில் பக்கம் போய்விடுங்கள். இலக்கம் மூன்றே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், அதில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.