வெயில் பட்ட பட்டு

செட்டிநாட்டு வீடுகளில் அவ்வப்போது பெட்டியைத் திறந்து பட்டுப் புடவைகளைக் காற்றாட விடுவது நல்ல வழக்கம். ஆனால் வளவின் நடுவே, உச்சி வெயில் நேராக இறங்கும் முற்றத்தில் கொடி கட்டுவதுதான் கேடு. “சூடு ஏறுவதற்குள் எடுத்துவிடுவோம்” என்பார்கள். பட்டைக் கெடுப்பது சூட்டைவிட ஒளிதான்.

பட்டு ஒரு புரதம். அதன் பெரும்பகுதியான கிளைசின், அலனின் என்ற அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானக் கூறுகள்) தரைக்கு வரும் சூரிய ஒளியை உறிஞ்சுவதில்லை. வம்பு டைரோசினாலும் சிறிதளவே உள்ள டிரிப்டோஃபேனாலும் வருகிறது. வளைய அமைப்புடைய இந்த இரண்டு அமினோ அமிலங்களும் 280 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சுகின்றன. குறைந்த அளவில் 300 வரையிலும் அதைச் சற்றுத் தாண்டியும் உறிஞ்சுகின்றன. வளிமண்டலம் கடந்து நம்மை எட்டும் கதிர் ஏறத்தாழ 290-இல் தொடங்குகிறது. இரண்டும் பொருந்தும் அந்தச் சிறு பகுதியே போதும். ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, மஞ்சள் நிறப் பொருள்கள் உருவாகின்றன. புரதச் சங்கிலி அறுந்து இழை இற்றுப்போகிறது. ஈரத்தோடு வெயிலில் போட்டால் இன்னும் மோசம். புடவை கிழிந்ததும் நெசவாளரைத் திட்டுகிறோம். அது எங்கே உலர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

முற்றத்தைச் சுற்றித் தூண்களுக்குப் பின்னால் நிழலும் காற்றும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அங்கே உலர்த்துங்கள். கண்டாங்கி பருத்தி என்பதால் அதில் இந்தப் புரதச் சிக்கல் இல்லை. சாயம் வெளுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த தவறு, கண்ணாடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்புவது. சாதாரண ஜன்னல் கண்ணாடி 315 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். அதற்கு மேலுள்ளவற்றில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். ஆகவே கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைத்த துணியும் மெல்ல நிறம் மங்கும். வைட்டமின் டி கதையோ நேர்மாறு. தோலில் உள்ள 7-டிஹைட்ரோகொலஸ்டிரால் என்ற பொருள் வைட்டமின் டி-யாக மாறத் தேவைப்படுவது 290 முதல் 315 வரையிலான கதிர். காலை இளவெயிலில், அதுவும் மூடிய ஜன்னலுக்குள் ஆச்சியை உட்கார வைப்பதால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஓசோன் படலத்தில் கதிர் கடக்கும் தொலைவு கூடுவதால் அந்தப் பகுதி வழியிலேயே வடிகட்டப்படுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பலன் தரும். அதற்காகத் தோல் சிவக்கும்வரை நிற்க வேண்டாம்.

வற்றலைக் காப்பதும் புற ஊதா என்று சிலர் சொல்கிறார்கள். காப்பது ஈரம் போனதுதான்.

கிருமியைக் கொல்லும் வேலையை உண்மையில் செய்வது குடிநீர்க் கருவியின் 254 நானோமீட்டர் விளக்கு. டிஎன்ஏ மிக அதிகமாக உறிஞ்சும் 260-க்கு அது மிக அருகில் இருக்கிறது. டிஎன்ஏவின் கூறுகளான தைமின்கள் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்துவிட, கிருமியால் பெருக முடிவதில்லை. ஆனால் கலங்கலான நீரில் துகள்களின் நிழலில் கிருமிகள் தப்பித்துக்கொள்ளும். முதலில் வடிகட்ட வேண்டும். உப்பு நீரும் இதனால் நல்ல நீராகாது. நீல ஒளி தெரிகிறதே என்று பழைய விளக்கை ஓட்டாதீர்கள்: 254 கண்ணுக்குத் தெரியாது, அது தேய்ந்த பிறகும் நீலம் எரியும். விளக்கைச் சுற்றிய குவார்ட்ஸ் உறையில் உப்பு படிந்தாலும் கதிர் குறையும். சுத்தம் செய்யும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். எரியும் விளக்கை நேரே பார்த்தால் கருவிழி புண்ணாகும்.