குழந்தை சொன்னதை அன்றே எழுதி வையுங்கள்

முதல் வகுப்புக்குப் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்கள் மேசையில் ஒரு சிறிய நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஏதாவது ஒரு குழந்தை ஆசையாக ஓடிவந்து சொன்ன ஒரு வாக்கியத்தைப் பெயரும் தேதியும் போட்டுக் குறித்துவையுங்கள்.

“டீச்சர், எங்கள் வீட்டில் இரண்டு ஆட்டுக்குட்டி!”

மறுநாள் காலை அதையே கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். சொன்ன குழந்தையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்து முழுதாகத் தெரியாவிட்டாலும் தன் வாக்கியம் என்பதால் தயங்காமல் வாசிக்கும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்குப் போகலாம்! பிறகு ‘ட்’ வரும் இடங்களை வட்டமிடச் சொல்லுங்கள். வீட்டில், ஆட்டு, குட்டி என்று மூன்று இடங்கள். கண்டுபிடிக்க வகுப்பே முண்டியடிக்கும்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் செயல்வழியாகக் கற்பிப்பதால், ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் இது இயல்பாகவே பொருந்தும்.

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டுங்கள். யார் பெயர் வரவே இல்லையோ, மதிய உணவு நேரத்தில் அந்தக் குழந்தையின் அருகில் போய் உட்காருங்கள். வாய் திறக்காத குழந்தைகள் சிலர் சாப்பிடும்போது பேசத் தொடங்குவார்கள். அழைக்க வரும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். குறை கேட்கவே பழகியவர்கள் பூரித்துப்போவார்கள்.

மாலை வரை தள்ளிப்போடாதீர்கள், மறந்துவிடும். மணி அடிப்பதற்குள் எழுதிவிடுங்கள்.