சென்னை வெயிலில் சின்னதாக ஒரு ரீஃப் டேங்க்

ரீஃப் டேங்க், அதாவது பவளமும் மீனும் வளர்க்கும் கடல்தண்ணீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு வீடியோ பார்க்க உட்கார்ந்தால், முதலில் வாங்கச் சொல்லும் சாமான்களில் ஹீட்டர் கட்டாயம் இருக்கும். ஜெர்மனியில் இருக்கிறவருக்கு அது சரி. தாம்பரத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டில் மே மாதம் தொட்டித் தண்ணீர் தானாகவே 32, 33 டிகிரிக்குப் போய் நிற்கும், பவளத்துக்கு வேண்டியதோ 25 முதல் 27 தான். அதனால் நம்மூரில் இந்த வேலையே சூடு, ஆவியாகிப் போகும் தண்ணீர், கரண்ட் என்ற மூன்றைச் சுற்றித்தான் நடக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

இங்கே சொல்லப்போவது 100 லிட்டர் தொட்டி, இரண்டு கிளவுன் மீன், கொஞ்சம் மென்பவளம் (கல்லாக இறுகாத பவள வகை), அவ்வளவுக்கு மட்டும்.

தொட்டி இரண்டடி நீளம், 16 இன்ச் அகலம், 16 இன்ச் உயரம் இருந்தால் போதும். விளிம்பு வரை ஊற்றினால் 100 லிட்டர் பிடிக்கும், கல்லும் மணலும் போட்டபின் உண்மையில் நிற்பது 80 லிட்டர் சொச்சம். இதைவிடச் சின்னது சுலபம் என்று நிறையப் பேர் 20 லிட்டர் க்யூப் வாங்குகிறார்கள், அது தலைகீழ்க் கணக்கு. தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 130 கிலோவைத் தாண்டும் என்பதால் டிவி வைக்கிற பலகை மேசை தாங்காது. இரும்பு ஃபிரேம் ஸ்டாண்ட் அடித்து, மேலே ப்ளைவுட், அதன்மேல் தெர்மகோல் ஷீட், அப்புறம் தொட்டி. உப்பு இரும்பை அரித்துத் தின்றுவிடும், இரண்டு கோட் எபாக்சி பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கச் சுவர், வெயில் நேராக விழும் ஜன்னல், சமையலறை மூன்றும் வேண்டாம்.

இப்போது சூடு. 2010 கோடையிலும் 2016 கோடையிலும் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்துப்போயின. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலை என்றால் 80 லிட்டர் எம்மாத்திரம். மலிவான வழி, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரி 12 வோல்ட் ஃபேன் இரண்டைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாகக் காற்று படும்படி மாட்டுவது, மூடி போடாமல் வலை மட்டும் போடுவது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருக்கிற நாளில் ஃபேனுக்கு அவ்வளவு பலம் இருக்காது, கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதைதான். அறை 35 டிகிரி இருந்தால் ஃபேனை மட்டும் நம்பி 27க்குக் கொண்டுவர முடியாது. அப்போது மிச்சம் இருப்பது தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின். தொட்டி விலையைவிடப் பல மடங்கு ஆகும், ஆனாலும் உள்மாவட்டக்காரர்களும் மாடி வீட்டுக்காரர்களும் அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், கோடை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பவளம் காத்திருக்காது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை அறைக்குள்தான் தள்ளும், ஆகவே அதை ஸ்டாண்டுக்குள் கதவைச் சாத்தி வைக்கக் கூடாது.

ஏசி அறையில் வைத்துவிடலாமே என்பார்கள். ஏசி பகலும் இரவும் ஓடுகிற வீடென்றால் சரி. ராத்திரி மட்டும் 24ல் ஓடி, காலையில் அணைத்தபின் மதியம் 34க்கு ஏறுகிற அறை, நிலையாக 28, 29ல் இருக்கிற ஹாலைவிட மோசம். தினமும் ஏறி இறங்குவதைவிட ஒரு டிகிரி கூடுதலாக நிலையாக இருப்பது எவ்வளவோ மேல்.

ஃபேன் மாட்டியதுமே அடுத்த வேலை தொடங்கிவிடும். கோடையில் இந்த அளவுத் தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போவது சாதாரணம். தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். 80 லிட்டரில் உப்பு 35 பிபிடி (ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம்) என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாள் கவனிக்காமல் விட்டு 6 லிட்டர் போனால் அது கிட்டத்தட்ட 38. அதனால் தினமும் ஈடுகட்டி ஊற்ற வேண்டும், ஊற்றுவது உப்பில்லாத நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்புத்தண்ணீரை ஊற்றி ஈடுகட்டுகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்! கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி அளவு குறித்துவிட்டால் கண்ணாலேயே தெரியும். முடிந்தால் மட்டம் இறங்கியதும் தானாக ஊற்றும் ஆட்டோ டாப் ஆஃப் ஒன்று வாங்குங்கள், விளக்கில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது இதை வாங்கலாம்.

எந்தத் தண்ணீர்? மெட்ரோ தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் என்னென்னவோ, இரண்டும் ஆகாது. வீட்டு ஆர்ஓவில் வருவது குடிக்க நல்லது, ஆனால் அதில் மினரல் சேர்க்கும் கார்ட்ரிஜோ, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலரோ இருக்கும், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரை விட்டுப் பார்த்தால் 40, 60 என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படித்தான். ஆர்ஓ மெம்பிரேனிலிருந்து நேராக வரும் தண்ணீரை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டு, டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினால் அதுதான் உங்கள் தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று கேட்காதவர்கள் கிடையாது. டிடிஎஸ் குறைவாகத்தான் காட்டும், ஆனால் அது தாமிரச் சுருளில் பட்டு வருகிறது. தாமிரம் துளி இருந்தாலும் இறால், நத்தை, பவளம் தாங்காது. வேண்டாம்.

கடலே பக்கத்தில் இருக்கும்போது உப்பு எதற்கு வாங்க வேண்டும் என்பதும் நியாயமான கேள்விதான். சுத்தமான ஆழக்கடல் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. பெசன்ட் நகர் கரையில் குடத்தை முக்கி எடுப்பது அது ஆகாது. அடையாறும் கூவமும் வந்து கலக்கிற கரை, மழை பெய்தால் உப்பும் இறங்கிப் போகும். ரீஃப் சால்ட் வாங்கி லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் போட்டு, தனி வாளியில் பவர்ஹெட் (தண்ணீருக்குள் இருந்து சுழற்றும் சின்ன மோட்டார்) விட்டுச் சில மணி நேரம் ஓடவிட்டு, உப்பை அளக்கும் ரீஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.025 வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவியையும் 35 பிபிடி திரவம் வைத்துச் சரிபார்க்க வேண்டும், வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது. தொட்டிக்குள் கல் போட்டபின் உப்பை நேராகக் கொட்டுவது கூடாது.

கல் விஷயத்தில் சட்டம் வருகிறது, கொஞ்சம் நின்று படியுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ல் கல்பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன, கூடவே கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையும். ராமேஸ்வரம் பக்கம் கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த பவளக் கல்லை எடுத்து வந்தாலும் குற்றம்தான். கடையில் யாராவது ‘லோக்கல் லைவ் ராக்’ (கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் கல்) என்று காட்டினால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது, 8 முதல் 10 கிலோ போதும். சிமென்ட் கல் என்றால் பிஹெச் இறங்கும்வரை வாரக்கணக்கில் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். கல்லை நேராகத் தரைக் கண்ணாடியில் உட்கார வைத்து அதன்பின் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலை ஒரு இன்ச் பரப்புங்கள், மணலின்மேல் கல்லை வைத்தால் ஏதாவது தோண்டிச் சரித்துவிடும்.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் தொங்கும் ஒரு ஃபில்டர், மணிக்குத் தொட்டி அளவைப்போல் 15 மடங்கு தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் ஒன்றோ இரண்டோ, நீலம் தூக்கலான ஒரு எல்இடி. நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுக்கு அவசியமில்லை. 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கல்லும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துப் பவளத் தொட்டி நடத்திக் காட்டியிருக்கிறார், அதுவும் நம்மைப் போல வெயில் ஊரில்தான்.

தண்ணீர், கல், மணல் எல்லாம் ஆனபிறகு மூன்றிலிருந்து ஆறு வாரம் மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா கல்லில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்படி விட்டு, டெஸ்ட் கிட்டால் பாருங்கள். விட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் 0 ஆகி நைட்ரைட்டும் 0 காட்டினால் தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். இடையில் மணலெல்லாம் பழுப்பாகப் படியும், அது டயட்டம் என்ற ஒருவகைப் பாசி, தானாகப் போகும். அதைப் பார்த்து பயந்து மருந்து ஊற்றாதீர்கள். விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள், இப்போது அது எரிவதால் பாசிக்குத்தான் லாபம்.

மீன், இரண்டே இரண்டு கிளவுன். கிளவுன் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும், அதனால் அளவில் வித்தியாசமான இரண்டு குட்டிகளை வாங்கினால் சண்டை குறைவு. பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல வகைக் கிளவுன்களைப் பொரிக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது, ஆகவே கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை. வண்ண மீன் கடைகள் இருக்கிற கொளத்தூரில் தேடும்போது கடைக்காரரிடம் தீனி போடச் சொல்லிப் பாருங்கள், பாய்ந்து வந்து சாப்பிடாத மீனை எடுக்காதீர்கள். கிளவுனுக்கு, அது கடலில் ஒண்டி வாழும் அனிமோன் என்ற பூப்போன்ற உயிரி கட்டாயம் என்பது வெறும் நம்பிக்கை, அது இல்லாமலே நன்றாக வாழும். அனிமோன் இடம்விட்டு நகர்ந்து பவர்ஹெட்டில் சிக்கி அரைபட்டால் தொட்டி முழுக்கப் போய்விடும். நீல டேங் மீன் ஓரடி வளரும், அதற்கு இந்தத் தொட்டி ஜெயில். பாசி தின்ன நாலைந்து டர்போ நத்தை போதும்.

ஒரு மாதம் கழித்துப் பவளம். ஜோயந்தஸ், மஷ்ரூம், லெதர் கோரல், ஜீனியா இவற்றோடு தொடங்குங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்டு பில்லோடு வாங்குங்கள். ஜீனியாவைத் தனிக் கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி முழுக்கப் படர்ந்துவிடும். விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், ஒரு நாளைக்கு 8 மணி நேரம் போதும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், ஆல்கலினிட்டி (பிஹெச் சட்டென்று மாறாமல் தாங்கும் சக்தி) 8 முதல் 9 டிகேஎச் என்ற அளவில் இருக்கட்டும். நைட்ரேட்டை 0 ஆக்க மெனக்கெடாதீர்கள், மென்பவளத்துக்கு அழுக்கும் கொஞ்சம் வேண்டும். வாரம் 8 லிட்டர் தண்ணீர் மாற்றினால் கால்சியம் தனியாக ஊற்ற வேண்டிய வேலை இந்த அளவுத் தொட்டிக்கு வராது.

ஜோயந்தஸ் வகைகள் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. கைக்குக் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடாமல் வெட்டாதீர்கள். அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று எந்தக் காலத்திலும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

நம் வீட்டு விஷங்கள் வேறு. கொசு லிக்விட், காயில், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து இறாலையும் நண்டையும்தான் முதலில் கொல்லும், மீனுக்கும் ஆகாது. தொட்டி இருக்கிற அறையில் கொசுவலை அடித்துவிடுங்கள். மாநகராட்சிப் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்ப் ஓடினால் நிறுத்தி, தொட்டிமேல் துணி போடுங்கள்.

கரண்ட் கடைசியில் வந்தாலும் அலட்சியம் செய்கிற விஷயமில்லை. தண்ணீர் சுழலாமல் நின்றால், அதுவும் சூடான தண்ணீர் என்றால், சில மணி நேரத்தில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். 10 வாட் பவர்ஹெட் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும், விளக்கு எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அப்போது இன்வெர்ட்டரும் கைவிடும், ஆகவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் அதற்கான பேட்டரி செல்களும் வீட்டில் இருக்கட்டும். தொட்டி வயர் எல்லாம் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கி மேலே ஏறட்டும், வழிகிற தண்ணீர் பிளக்கில் இறங்காது. உப்புத்தண்ணீரில் கையை விடுவதால் அந்த லைனில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தீனி டப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், பாசத்தில் கொட்டிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம் என்று சிட்டிகை சிட்டிகையாக மடித்து நாள் எழுதிக் கொடுங்கள். தினமும் டேப் அளவு வரை ஊற்ற டிஐ தண்ணீரைத் தனிக் கேனில் வையுங்கள், உப்புத்தண்ணீர் கேனை எடுத்துப் பூட்டிவிடுங்கள்.