ஊர்வலம் போன பிள்ளைக்கு நல்ல காலேஜ் கிடைக்குமா?

இரண்டு வருடம் முன்பு ஒரு அக்டோபர் மாலை, ஒரு அப்பா எனக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் பேசினால் பெண் காதில் விழும் என்று காரில் உட்கார்ந்து பேசினார். "மேடம், துப்பாக்கிச் சட்டத்துக்காக ஸ்கூல்ல வாக்கவுட் நடந்துச்சே, அதுல இவ மைக் பிடிச்சுப் பேசியிருக்கா. வீடியோ எல்லா இடத்துலயும் சுத்துது. இனிமே பெரிய காலேஜ் எல்லாம் மறந்துட வேண்டியதுதானா?"

நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கவுன்சிலர், அதாவது மாணவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் வழிகாட்டுபவர். 14 வருடமாக விண்ணப்பங்களோடு போகும் பரிந்துரைக் கடிதங்களை எழுதுகிறேன். இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலைந்து தடவை என்னிடம் வருகிறது, பெரும்பாலும் நம் வீடுகளிலிருந்துதான். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வேறு நாட்டுக்கு வந்து, தலை குனிந்து உழைத்து, பிள்ளையைப் படிக்க வைக்கும்போது "அரசியல்" என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். ஆனால் மறந்துவிடத் தேவையில்லை. அதற்காக மைக் பிடித்ததாலேயே இடம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை ஆசைப்படும் கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் இதை வருடாவருடம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்று ஒரு அட்டவணை இருக்கும். எடுத்த பாடங்களின் கடினம், கிரேடு, எஸ்ஸே, பரிந்துரைக் கடிதம், வகுப்புக்கு வெளியே செய்த வேலை, குணநலன், தன்னார்வப் பணி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் அந்தக் கல்லூரிக்கு எவ்வளவு முக்கியம் என்று குறித்திருப்பார்கள். அரசியலுக்கு அதில் தனி வரி கிடையாது. ஆகவே பிள்ளையின் அரசியல் வேலை உள்ளே போக வேண்டுமானால் எஸ்ஸே, கடிதம், ஆக்டிவிட்டி, குணநலன் என்ற வரிகள் வழியாகத்தான் போக வேண்டும். பாடமும் கிரேடும் சரியாக இல்லாவிட்டால் மற்ற வரிகளுக்குப் போகும் முன்பே ஃபைல் மூடப்பட்டுவிடும். 2024இல் ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தில் "பதினோராம் வகுப்பில் தேர்தல் வேலையில் இருந்தேன், அதனால் கால்குலஸில் சி வந்தது" என்று சொன்னால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள்.

இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பல கல்லூரிகளுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கும் கடைசி நாள் நவம்பர் 1. இந்த நாட்டில் தேர்தல் நடப்பது நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். வீடு வீடாகப் போய்க் கதவு தட்டும் பிள்ளைக்கு வருடத்திலேயே அலைச்சல் மிகுந்த வாரமும் எஸ்ஸே அனுப்ப வேண்டிய வாரமும் ஒன்றாக வந்து மோதும். பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமாக அனுப்ப உதவும் காமன் ஆப் என்ற இணையதளம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். தேர்தலில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, பள்ளி திறப்பதற்கு முன்பே முக்கிய எஸ்ஸேயை முடித்துவிடுங்கள். செப்டம்பரில் ஆரம்பிக்கலாம் என்று இருந்த பிள்ளைகள் அக்டோபர் 30 இரவு என் இன்பாக்ஸில் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மறு வருடம் ஆகஸ்டில் தன் ஆக்டிவிட்டி பட்டியலோடு வந்தாள். காமன் ஆப்பில் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், இடைவெளியும் சேர்த்து. முதல் இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "சமூக நீதிக்காகத் தீவிரமாகக் குரல் கொடுப்பவள், பல பேரணிகளில் பங்கேற்று மாற்றத்துக்காக உழைத்தேன்."

"போன சனிக்கிழமை என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன்.

நூலக வாசலில் மடக்கு மேசை போட்டு வாக்காளர் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தாளாம். அவளுக்கே அப்போது ஓட்டு கிடையாது. எத்தனை படிவம் என்றேன். போனில் கணக்கு வைத்திருந்தாள்: 63. தபாலில் போடும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 9 படிவத்தில் கையெழுத்து இல்லை. அந்த 9 வீட்டுக்கும் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "அது சும்மா வேலை மிஸ், பேரணிதான் முக்கியம்" என்றாள்.

நான் பேனாவை எடுத்து எழுதினேன்: "சனிக்கிழமைதோறும் நூலக வாசலில் வாக்காளர் பதிவு. 63 படிவம். கையெழுத்து விட்ட 9 வீட்டுக்குத் திரும்பப் போனேன். 4 பேருக்குப் பயிற்சி." ஆங்கிலத்தில் 150 எழுத்துக்குள் அடங்கியது. நாள் முழுக்க விண்ணப்பம் படிக்கும் அட்மிஷன் ஆபீசர் "தீவிரக் குரல்" என்ற சொல்லைப் பல தடவை பார்த்திருப்பார். 9 வீட்டுக்குத் திரும்பப் போன பிள்ளையை அன்று பார்த்திருக்க மாட்டார்.

அரசியல் வேலை செய்யும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: நீங்கள் எந்தப் பக்கம் என்பதை எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, அந்தப் பக்கத்துக்காகக் கையால் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஸ்கூல் போர்டு கூட்டத்தில் பேசினீர்களா? எத்தனை கூட்டம், என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? தோற்றிருந்தால் தோற்றதையும் எழுதுங்கள். வேட்பாளருக்காகப் போன் செய்தீர்களா, ஷெட்யூல் போட்டீர்களா, பணக் கணக்கு பார்த்தீர்களா? கணக்கு பார்த்த பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். கைதட்டு இல்லாத வேலையை மாதக்கணக்கில் செய்யும் பிள்ளையைப் பற்றி எனக்கும் கடிதத்தில் எழுத நிறைய இருக்கும்.

2017இல் ஸ்டான்ஃபோர்டின் எஸ்ஸே கேள்வி ஒன்றுக்கு ஒரே ஹேஷ்டேக்கை நூறு தடவை எழுதி அனுப்பிய மாணவருக்கு இடம் கிடைத்தது, பெரிய செய்தியாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்யலாமா என்று இன்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த மாணவர் அதற்கு முன்பே சொந்தமாக ஒரு அமைப்பு நடத்தியவர். விண்ணப்பத்தின் மற்ற பக்கங்களில் அந்த வேலை இருந்தது. அது இல்லாமல் ஹேஷ்டேக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் ஒன்றும் நிற்காது.

இன்னொரு பையன் நினைவுக்கு வருகிறான். எங்கள் ஊரில் டெமாக்ரட்டுகள் அதிகம், அவன் ரிபப்ளிகன் வேட்பாளருக்காக வேலை செய்தான். "மிஸ், என் சைடைப் பார்த்தே ஒதுக்கிடுவாங்க, வெறும் 'தேர்தல் தன்னார்வலர்'னு போட்டுடவா?" என்று கேட்டான். நியாயமான பயம்தான். படிப்பவர் மனிதர், அவருக்கும் ஒரு கருத்து இருக்கும். ஆனாலும் வேட்பாளர் பெயரை மறைக்க வேண்டாம் என்றேன். மறைத்தால் விண்ணப்பமே மங்கிப்போகும். அவன் தட்டிய கதவு ஒன்றைத் திறந்த ஒரு அம்மா, வரி பற்றி இருபது நிமிடம் அவனோடு சண்டை போட்டிருக்கிறார். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு, மறு வாரம் அதே கதவைத் தட்டி, "நீங்க சொன்னதுல பாதி சரி" என்று சொல்லியிருக்கிறான். அதை எழுது என்றேன். ஹார்வர்ட் இப்போது 150 வார்த்தையில் கேட்கும் கேள்விகளில் ஒன்றே இதுதான்: ஒரு கருத்தில் யாரோடாவது கடுமையாக மாறுபட்ட சந்தர்ப்பம் எது, அவரோடு எப்படிப் பேசினீர்கள், என்ன கற்றீர்கள்? பிரின்ஸ்டன் சமூகப் பங்களிப்பு பற்றிக் கேட்கிறது. அரசியலில் உண்மையாக இறங்கிய பிள்ளைக்கு இவற்றுக்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. எதிர்க் கருத்துக்காரரை எஸ்ஸேயில் முட்டாளாகக் காட்டாமல் இருந்தால் போதும்.

கடிதம் யாரிடம் வாங்குவது? உங்களோடு ஒத்துப்போகும் ஆசிரியரை விட, வகுப்பில் உங்களோடு மோதிய ஆசிரியரின் கடிதத்துக்குக் கனம் அதிகம். அந்தப் பையனுக்குக் கடிதம் எழுதிய வரலாற்று ஆசிரியர் அவன் கட்சிக்கு நேர் எதிர். "என் வாதத்தை என்னைவிட நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு, அப்புறம் மறுப்பான்" என்று எழுதியிருந்தார். இதைப் போன்ற ஒரு வரியைப் பிள்ளை தானே எழுதிக்கொள்ள முடியாது.

இனி தண்டனை விஷயம். பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நாடு முழுக்க மாணவர்கள் வெளிநடப்பு செய்யத் தயாரானார்கள். சில பள்ளிகள் சஸ்பெண்ட் செய்வோம் என்று மிரட்டின. உடனே எம்.ஐ.டி., யேல் உட்படப் பல கல்லூரிகள், அமைதியான போராட்டத்துக்காகக் கிடைத்த தண்டனை விண்ணப்பத்தைப் பாதிக்காது என்று வெளிப்படையாக அறிவித்தன. 2021-22 முதல் காமன் ஆப் தன் பொதுப் பகுதியில் பள்ளித் தண்டனை பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டது. ஆனால் ஒவ்வொரு கல்லூரியும் தன் தனிக் கேள்விகளில் இதைக் கேட்கலாம், அதனால் ஒவ்வொன்றையும் படியுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, என்ன தண்டனை, அதற்குப் பிறகு என்ன, இவ்வளவையும் நாலு வரியில் எழுதினால் போதும். பள்ளியைத் திட்ட வேண்டாம். அனுப்பும் முன் உங்கள் கவுன்சிலரிடம் காட்டுங்கள், அவர் எழுதுவதும் நீங்கள் எழுதுவதும் ஒத்துப்போக வேண்டும். யூசி எனப்படும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக் கடிதமே போகாது. அங்கே உங்கள் கதையை நீங்களேதான் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள் அடங்கும் நாலு பதிலில்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1969இல் டிங்கர் வழக்கில், வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டிய மாணவர்களுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளி மாணவரின் பேச்சுரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. அதே சமயம், வகுப்பை விட்டு வெளியேறினால் வகுப்புக்கு வராததற்கான வழக்கமான தண்டனையைப் பள்ளி தரலாம். உங்கள் கருத்துக்காக அதைக் கூட்டக் கூடாது, அவ்வளவுதான். தனியார் பள்ளிக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. போலீஸ் கைது வரை போனால் என் அறிவுரை போதாது, வழக்கறிஞரைப் பாருங்கள்.

போனில் எழுதுவதைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். 2017இல் ஃபேஸ்புக் குழுவில் அருவருப்பான மீம் போட்டதற்காகக் குறைந்தது பத்துப் பேருக்குக் கொடுத்த இடத்தை ஹார்வர்ட் திரும்பப் பெற்றது. 2019இல் இன்னொருவருக்கு, 16 வயதில் எழுதிய இனவெறிச் செய்திகளுக்காக. இதில் யாரும் ஊர்வலம் போனதற்காக இடம் இழக்கவில்லை, மனிதர்களைக் கேவலமாகப் பேசியதற்காக இழந்தார்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு: 2025 ஜூனில் மாணவர் விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. அதைக் கல்லூரி முடிவு செய்வதில்லை, தூதரகம் முடிவு செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகத் தயாராகுங்கள்.

எவ்வளவு பெயர் வாங்கினாலும், இடம் கிடைக்கும் என்று ஓரளவு நம்பக்கூடிய கல்லூரிகளும் பட்டியலில் இருக்கட்டும். பார்க்லண்டில் உயிர் தப்பிய டேவிட் ஹாக் நாடே அறிந்த முகம். 2018 வசந்தத்தில் அவருக்குப் பல யூசி கல்லூரிகளில் இடம் கிடைக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் ஹார்வர்டிலிருந்து கடிதம் வந்தது.

கடைசியாக ஒன்று. அனுப்பும் முன் முழு விண்ணப்பத்தையும் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த இடத்தில் அவருக்கு எரிச்சல் வந்தது, எந்த இடத்தில் உங்களைப் பிடித்தது என்று கேளுங்கள். அந்தப் பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன். யாரிடம் கொடுப்பது என்று யோசித்துவிட்டு, தன் அப்பாவிடமே கொடுத்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் இரண்டு தடவை படித்தாராம்.

"இந்த ஒம்பது வீட்டுக்கும் நீ தனியாவா போனே?"

"இல்லப்பா, அம்மாதான் கார்ல கூட்டிட்டுப் போனாங்க."