குடல் அழற்சியோடு வேலூர் போகிறீர்களா? தாது உப்புகளின் கணக்கு

குரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரைகளை மறப்பதில்லை. தாது உப்புகளைத்தான் மறக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வியர்வையில் சோடியம் போகும். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் பொட்டாசியம், மெக்னீசியம், துத்தநாகம் மூன்றும் கூடவே போகும். கெண்டைக்கால் சதை இழுப்பதும் படபடப்பும் வெறும் பயணக் களைப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். கூடவே அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை கட்டாயம். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும், துத்தநாகம் பொய்யாக இறங்கும். நோய் அடங்கியிருக்கும்போது ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறை. அழற்சி இருந்தால் 100 வரைகூட குறை இருக்கலாம். அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள், அலகைக் கவனியுங்கள். லண்டனில் 130 என்று வரும் ஹீமோகுளோபின் வேலூர் லேபில் 13. வைட்டமின் டி அங்கே 50 என்றால் இங்கே 20. ஃபெரிட்டின் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே எண்.

சோர்வாக இருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அழற்சி இருக்கையில் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. தங்கிய இரும்பு வயிற்றைக் கிளறும். நோய் அடங்கியவர்களுக்கும் நாளுக்கு 100 மில்லிகிராம் இரும்புக்கு மேல் பயனில்லை. ஃபெரஸ் சல்பேட் 200 என்று அட்டையில் இருப்பது உப்பின் எடை. அதில் இரும்பு ஏறக்குறைய 65 தான். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். வீட்டுக்கு வீடு நீட்டப்படும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி நில்லுங்கள். ஊசிவழி இரும்பு தேவைப்பட்டால் பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இரைப்பைக் குடல் துறை உண்டு என்றாலும், போன அன்றே வேலை முடியும் என்று எண்ணாதீர்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு ஊசி போட்டவர்களுக்குப் பாஸ்பரஸ் இறங்கலாம். சில வாரங்களில் எலும்பு வலி, தசைத் தளர்ச்சி வந்தால் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு கூடினால் உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொடிதான் வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவைப் பானம் வேண்டாம். அதில் சர்க்கரை அதிகம், சர்க்கரை போக்கைக் கூட்டும். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு கொதித்து ஆறிய தண்ணீர் சரியாக 1 லிட்டர். டம்ளரில் கால் பொட்டலம் என்று கண்ணளவில் கலந்தால் அளவு தவறும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். இலியோஸ்டமி பை (சிறுகுடலை வயிற்றுத் தோல்வழியே வெளியே திறந்து மாட்டும் பை) உள்ளவர்கள் இளநீரையோ வெறும் தண்ணீரையோ மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இன்னும் குறையும்.

வட ஆற்காட்டுக் கேழ்வரகுக் கூழ் இந்த நோய்க்குப் பகையில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம். ஸ்டீராய்டு எடுப்பவர்களின் எலும்புக்கு நல்லது. மாவைச் சலித்துத் தவிட்டை நீக்கி, இரவு முழுக்கப் புளிக்கவைத்து, பளபளப்பு வரும்வரை காய்ச்சுங்கள். புளித்தால் தாதுவைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். குடல் சுருக்கம் உள்ளவர்கள் பச்சை வெங்காயத்தையும் முருங்கைக்கீரையையும் தவிர்க்கலாம். முள்ளுக் கத்திரிக்காயைத் தோலுரித்து மசித்துச் சாப்பிடலாம். ஆடி மாதம் கோயில் வாசலில் ஊற்றும் கூழ் வேறு கதை: எந்தத் தண்ணீர் என்று தெரியாது.

சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கு வெயில் காலத்தில் ஆக்சலேட் (கீரை போன்ற உணவுகளில் உள்ள ஒரு பொருள்) சேர்ந்து சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும். பசலைக் கீரையைக் குறையுங்கள். கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், அது ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிவிடும். அப்படியும் விலா வலி வந்தால் கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்காதீர்கள், அது குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடும். மருத்துவரிடம் குடல் நோயைச் சொல்லி, பாரசிட்டமாலில் தொடங்கச் சொல்லுங்கள்.